பன்னிரண்டரை, எட்டரை

எங்களுக்குப் பகல் பன்னிரண்டரை.
அவர்களுக்குக் காலை எட்டரை.
பாகான் டாலாம் தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில்
செருகியில் நிற்காத வயரைக்
காலால் மிதித்தபடி நிற்கிறேன்.
காலை எடுத்தால் இந்தியப் பெருங்கடல் அறுந்துவிடும்.

திரையில் ரெயூனியன் தீவு:
பதினொரு பிள்ளைகள், பின்சுவரில் எரிமலைப் படம்.
ஒருத்தி எழுந்து பெயர் சொல்கிறாள்,
"ஒசெயான் முத்துசாமீ."
கடைசி எழுத்தில் ஏறி நிற்கிறாள்,
இல்லாத படியில் கால் வைத்தவள் போல.

யாரும் சிரிக்கவில்லை.
சிரிக்கக் கூடாதென்று நேற்றே மூன்று முறை
சொல்லி வைத்திருந்தேன்.
தாஷ்வின் மட்டும் மேசைக்கடியில் குனிந்து
அவிழாத காலணிக் கயிற்றைக்
கட்டிக்கொண்டே இருக்கிறான்.
எங்கள் வருகைப் பதிவேட்டிலும் ஒரு முத்துசாமி உண்டு,
கீர்த்திகாவின் அப்பா, துறைமுகத்தில் லாரி ஓட்டுபவர்.
அவள் திரையையே பார்க்கிறாள்,
தன் வீட்டுச் சாவி
வேறொருத்தி கையில் இருப்பதைப் பார்ப்பதுபோல்.

"வணக்கம். நீவிர் நலமா?"
நீவிர்!
பிறந்ததிலிருந்து எங்களை ஒருவரும்
நீவிர் என்று அழைத்ததில்லை.
லோஷினி முதுகை நிமிர்த்திக்கொள்கிறாள்.
"நாங்க நல்லா இருக்கோம்.
உங்களுக்குக் காலைதானே, பசியாறிட்டீங்களா?"

அங்கே அகராதிகள் புரள்கின்றன.
பசி கிடைத்துவிட்டது.
ஆறு கிடைத்தது, ஆனால் இரண்டாக:
ஒன்று நதி, ஒன்று ஐந்துக்கு அடுத்தது.
"பசியின் நதி?" என்கிறான்
மத்தியே என்ற ஒல்லிப் பையன்.
பக்கத்துப் பிள்ளை திருத்துகிறது:
"ஆறு பசி."
காலையில் எழுந்து நாங்கள் கேட்பது இதைத்தானோ
என்று எனக்கே சந்தேகம் வருகிறது.

லோஷினி விடவில்லை. கேமராவுக்கு முன் கையை ஆட்டுகிறாள்.
"இங்க பாருங்க, தேத்தண்ணி சூடு ஆறும்ல?
முட்டியில பட்ட புண்ணு ஆறும்ல?
அதே மாதிரி பசியும்"

விமானம்.

பட்டவொர்த் படைத்தளத்திலிருந்து
இந்நேரம் இரண்டு போர்விமானங்கள்
கூரையை உரசிக்கொண்டு போகும்.
முதலாம் ஆண்டில் அரிச்சுவடிக்கு முன்னால்
இங்கே கற்றுக்கொள்வது இதுதான்:
வாக்கியத்தின் நடுவில் நில்.
திறந்த வாயைத் திறந்தபடி வை.
ஓசை போனதும் விட்ட இடத்தில் தொடங்கு.

இருபத்தெட்டுப் பேரும் சிலையாகிறார்கள்.
இரைச்சலை வடிகட்டும் மென்பொருள்
விமானத்தை மட்டும் அந்தப் பக்கம் அனுப்பவில்லை.

ஆகவே அங்கே கலவரம்.
படம் உறைந்துவிட்டதென்று அவர்கள் ஆசிரியை
சுட்டியை மேசையில் தட்டுகிறார்,
பிரெஞ்சில் எதையோ, அநேகமாகக் கெட்டதாகவே, சொல்கிறார்.
ஒசெயான் மட்டும் முகத்தைத் திரையருகே கொண்டுவருகிறாள்.
எங்கள் உறைந்த தலைகளுக்கு மேலே
மின்விசிறி சுற்றுவதைக் காண்கிறாள்.
"அவர்கள் இருக்கிறார்கள்!"
பாடநூல் தமிழ்.
ஓர் எழுத்தும் பிசகவில்லை.

"ஆறும்," என்று முடிக்கிறாள் லோஷினி.

நான் முப்பத்தொரு வருடம் தினமும் சொன்ன சொல்.
உள்ளே சூடு இருந்ததென்று தெரியாது.

மத்தியே மெதுவாகக் கையை உயர்த்துகிறான்.
"நான் இன்று தாமதமாக எழுந்தேன்,"
நிறுத்தி, கூரையைப் பார்த்து,
"எனக்கு இன்னும் ஆறவில்லை."
அது எந்தப் பாடத்திலும் இல்லை.
தாஷ்வின் மேசைக்கடியிலிருந்து வெளியே வந்து,
ஓய்வு வேளையில் மிச்சம் வைத்த நாசி லெமாக் பொட்டலத்தைப்
பிரித்து, நெத்திலியோடு,
கேமராவின் கண்ணிலேயே இடித்து நீட்டுகிறான்.
"இந்தா."
மத்தியே உண்மையாகவே வாயைத் திறக்கிறான்.

எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும்.
சிரித்ததில் கால் நகர்ந்துவிட்டது.

திரை கறுப்பு.
அவர்கள் பக்கம் நாங்கள்
நீட்டிய கையோடு உறைந்திருப்போம்.
இதுவும் விமானம்தான் என்று பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள்.
மின்விசிறி சுற்றுகிறதா என்று
ஒசெயான் தேடிக்கொண்டிருப்பாள்.

காலால் வயரைத் துழாவுகிறேன்.